கொலுசுக் கூலியும் ஒரு மெய்யியல் பேராசிரியரும்

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் தெருவில் குரல் உயர்ந்தால் அது பெரும்பாலும் கூலியைப் பற்றித்தான் இருக்கும். சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை, பனங்காடு, சிவதாபுரம் பக்கம் வீடு இருப்பவர்களுக்கு இது புதிதில்லை. வெள்ளியை உருக்கிக் கம்பியாக இழுப்பது ஒரு இடம், கண்ணி கோர்ப்பது இன்னொரு வீடு, பற்றவைப்பதும் சலங்கை சேர்ப்பதும் வேறொரு வீடு, மெருகு போடுவது தனிப் பட்டறை என்று ஒரு ஜோடி கொலுசு பல கை மாறித்தான் கடைக்குப் போகிறது. இதில் பெரும்பாலான வேலைக்கு எடைக் கணக்கில்தான் கூலி. வாரக் கடைசியில் எடை போட்டு, சேதாரம் பார்த்து, கணக்கு முடிப்பார்கள். அப்போதுதான் பேச்சு வரும்.

"இவ்வளவு வேலைக்கு இதுதானா நியாயம்?" என்பார் ஒருவர். "ஊரெல்லாம் இதே ரேட்டுதாங்க" என்பார் எதிரில் இருப்பவர். இரண்டு பேருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஆனால் இரண்டு பேரும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இது எனக்குத் தெளிவானது, அமெரிக்காவில் இருக்கும் ஒரு மெய்யியல் பேராசிரியரின் எழுத்தைப் படித்த பிறகுதான். அவர் பெயர் ஜெஃப்ரி மொரியார்ட்டி. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வால்தம் நகரில், வணிகப் படிப்புக்குப் பெயர்போன பென்ட்லி பல்கலைக்கழகத்தில் மெய்யியல் பேராசிரியர். ஒருவருக்கு எவ்வளவு சம்பளம் கொடுத்தால் அது நியாயம் என்ற கேள்வியை அவர் பல ஆண்டுகளாக விடாமல் துருவியிருக்கிறார்.

மெய்யியல் படித்தவருக்கு வணிகம் கற்பிக்கும் இடத்தில் என்ன வேலை என்று தோன்றலாம். 1970-இல் பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன், சட்டத்துக்கும் பொதுவான ஒழுக்கத்துக்கும் உட்பட்டு லாபம் ஈட்டுவதுதான் நிறுவனத்தின் பொறுப்பு என்று எழுதினார். அதே பத்தாண்டில் லாக்ஹீட் விமான நிறுவனம் வெளிநாட்டு அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுத்தது அம்பலமானது. லாபம் மட்டும் போதுமா என்று பொதுமக்கள் கேட்கத் தொடங்கிய காலம் அது. 1976-இல் மைக்கேல் ஹாஃப்மன் என்ற மெய்யியலாளர் பென்ட்லியில் வணிக அறவியலுக்கென்றே ஒரு மையம் தொடங்கினார். 1980-இல் இத்துறையினருக்கு ஒரு கழகம் உருவானது. 1991-இல் அவர்களுக்கான காலாண்டிதழ் வந்தது. நீதி, உரிமை, தகுதி என்று வகுப்பறையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் சம்பளப் பட்டியலையும் எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். அப்படி வந்த தலைமுறையைச் சேர்ந்தவர் மொரியார்ட்டி. ஹாஃப்மன் தொடங்கிய அதே மையத்தின் பொறுப்பையும் பிறகு ஏற்றவர்.

2005-இல் அந்தக் காலாண்டிதழில் அவர் எழுதிய கட்டுரை, நிறுவனத் தலைவர்கள் அளவுக்கு மேல் சம்பளம் வாங்குகிறார்களா என்று நேராகவே கேட்டது. 2003-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிகப்பெரிய 365 நிறுவனங்களின் தலைவர்கள் சராசரியாக 80 லட்சம் டாலர் வாங்கினார்கள், அது ஆலைத் தொழிலாளியின் சம்பளத்தைப்போல 301 மடங்கு என்ற கணக்கில் கட்டுரை தொடங்குகிறது. 301 என்ற எண்ணைப் பார்த்ததும் கோபப்பட்டு நிறுத்திவிடலாம். அவர் நிறுத்தவில்லை. நியாயமான சம்பளம் என்று சொல்பவர்கள் மனதில் மூன்று அளவுகோல்கள் இருக்கின்றன என்று பிரித்துக் காட்டினார்.

ஒன்று, ஒப்புதல். கொடுப்பவரும் வாங்குபவரும் கட்டாயம் இல்லாமல் பேசி ஒத்துக்கொண்டால் அந்தத் தொகை நியாயம். இரண்டாவது, தகுதி. உழைப்புக்கும் பங்களிப்புக்கும் ஏற்ற அளவில் இருந்தால் நியாயம். மூன்றாவது, பயன். ஆளை வேலைக்கு இழுக்கவும் நிலைக்க வைக்கவும் நன்றாகச் செய்ய வைக்கவும் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு கொடுப்பது நியாயம். எந்த அளவுகோலை எடுத்தாலும் தலைவர்களின் சம்பளம் மிகை என்பது அவர் முடிவு. ஒப்புதல் என்று பார்த்தால், தலைவருக்குச் சம்பளம் நிர்ணயிக்கும் இயக்குநர் குழுவில் பலர் அந்தத் தலைவரின் செல்வாக்குக்கு உட்பட்டவர்கள். அதை நேர்மையான பேரம் என்று சொல்ல முடியாது. தகுதி என்றால், 301 மடங்குக்குக் கணக்குக் காட்டுவது கடினம். பயன் என்றால், இதைவிடக் குறைவாகக் கொடுத்தாலும் அதே வேலையைச் செய்ய ஆள் உண்டு.

எனக்கு இந்தக் கட்டுரையின் முடிவைவிட அதன் வழி முக்கியமாகப் பட்டது. அவர் மேலே பார்த்துக் கேட்ட கேள்விகளை அப்படியே கீழே திருப்பலாம். தலைவருக்கு அதிகமா என்று சோதிக்கும் அளவுகோல், பற்றவைக்கும் அக்காவுக்குக் குறைவா என்றும் சொல்லும்.

ஒப்புதலை எடுத்துக்கொள்வோம். "அவங்க ஒத்துக்கிட்டுத்தானே வேலை செய்யறாங்க" என்பது நம் ஊரில் அடிக்கடி காதில் விழும் வாதம். வலுவான வாதம்தான். பெரியவர்கள் இருவர் யோசித்துப் பேசி முடித்ததில் மூன்றாமவர் தலையிட என்ன இருக்கிறது? ஆனால் கொலுசுப் பட்டறையானாலும் விசைத்தறிக் கூடமானாலும் நம் பக்கத்தில் முன்பணம் என்று ஒன்று இருக்கிறது. பெண்ணுக்குக் கல்யாணம், அப்பாவுக்கு ஆபரேஷன், வீட்டுக்கு ஓடு மாற்றுவது என்று ஏதோ ஒரு நெருக்கடியில் முதலாளியிடம் ஒரு தொகை வாங்கியிருப்பார்கள். அது தீரும்வரை வேறு பட்டறைக்குப் போக முடியாது. போக வேண்டுமென்றால் புது முதலாளி பழைய பாக்கியை அடைக்க வேண்டும். அடைத்தால் கடன் அவரிடம் இடம் மாறும், அவ்வளவுதான். எழுந்து போகும் வழி அடைபட்டவர் தலையாட்டுவதை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. நம் சட்டமும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. கடனுக்காக வேலை மாறும் உரிமையை இழப்பதையும், சந்தைக் கூலியோ குறைந்தபட்சக் கூலியோ இல்லாமல் உழைப்பதையும் 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் தடை செய்கிறது. 1982-இல் டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. வறுமை நெருக்கிக் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே ஒருவர் வேலை செய்தால், அரசியலமைப்பின் 23-ஆவது பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்புக்குள் அதுவும் வரும் என்றது. பசியும் ஒரு கட்டாயம்தான் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட தீர்ப்பு அது.

மொரியார்ட்டி அத்தோடு நிற்கவில்லை. வணிக அறவியல் கழகத்தின் தலைவராக அவர் ஆற்றிய உரை 2020-இல் அச்சில் வந்தது. என் தெருச் சண்டைக்கு விளக்கம் கிடைத்தது அதில்தான். கூலி என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று பொருள்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்கிறார். கூலி ஒரு வெகுமதி: நல்ல வேலை செய்ததற்கான அங்கீகாரம். கூலி ஒரு ஊக்கம்: வரவழைக்கவும் வேலை வாங்கவும் கொடுப்பது. கூலி ஒரு விலை: உழைப்பு எங்கே பற்றாக்குறை, எங்கே மிகுதி என்று சந்தைக்குச் சொல்லும் செய்தி. ஒவ்வொன்றுக்கும் தனி நியாயம் உண்டு. ஒன்றுக்குப் பொருந்துவது இன்னொன்றுக்குப் பொருந்த வேண்டியதில்லை. சம்பளத்தைப் பற்றிய வாதங்கள் முடிவில்லாமல் போவதற்கு இதுவும் காரணம் என்பது அவர் விளக்கம். கூலியை நாம் எதுவாகப் பார்க்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யச் சொல்கிறார்.

இப்போது சனிக்கிழமைச் சண்டைக்குத் திரும்புவோம். "இவ்வளவு வேலைக்கு இதுதானா" என்று கேட்டவர் வெகுமதியைப் பற்றிப் பேசுகிறார். "ஊரெல்லாம் இதே ரேட்டு" என்றவர் விலையைப் பற்றிப் பேசுகிறார். விலைக்காரர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆக்ராவிலும் ராஜ்கோட்டிலும் கோலாப்பூர் பக்கத்து ஹுப்பரியிலும் கொலுசு செய்கிறார்கள். இங்கே கூலி ஏறினால் ஆர்டர் அங்கே போகும் என்று வியாபாரி பயப்படுவது நடிப்பு இல்லை. இயந்திரச் சங்கிலி வேறு வந்துவிட்டது.

விலை என்ற கோணம் மறைக்கும் ஒரு விஷயம் இருக்கிறது. அதற்கு வெள்ளி விலையைப் பார்க்க வேண்டும். 2020 தொடக்கத்தில் ஒரு கிலோ வெள்ளி 50,000 ரூபாயை ஒட்டி இருந்தது. 2025-இல் 1 லட்சத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. கூலி பேசுவது கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று. வெள்ளி விலை ஏறினால் அந்த ரூபாய் தானாக ஏறாது. ஆனால் சேதாரம் ஏறும். கொடுத்த எடைக்குச் செய்த எடை வர வேண்டும், அனுமதித்த சேதாரத்துக்கு மேல் குறைந்தால் செய்தவர் கணக்கில் எழுதுவார்கள். ஒரு பேச்சுக்கு 5 கிராம் கூடுதலாகக் குறைந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளி 50,000 விற்றபோது அது 250 ரூபாய். 1 லட்சம் விற்றபோது 500 ரூபாய். அதே கை, அதே அடுப்பு, அதே கவனம். தண்டம் மட்டும் இரண்டு மடங்கு. விலை ஏறினால் கடையில் விற்பனை குறையும், ஆர்டர் குறையும், அதுவும் இந்த வீட்டுக்குத்தான் முதலில் வந்து சேரும். உலோகச் சந்தையின் ஆபத்தைச் சுமப்பவருக்கு அந்தச் சந்தையின் லாபத்தில் பங்கு கிடையாது. "ஊரெல்லாம் இதே ரேட்டு" என்பதில் இது அடங்கவே இல்லை. எங்கள் ஊரில் கூலிப் பேச்சு நடக்கும்போது ரேட்டைவிட முதலில் பேச வேண்டியது இதுதான் என்பது என் கருத்து.

ஊக்கம் என்ற கோணத்துக்கு ஏற்காட்டுக்கு ஏறலாம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் காபியைக் கொண்டுவந்ததிலிருந்து சேர்வராயன் மலையில் பழம் பறிப்பதுதான் குளிர்கால வேலை. அராபிகாச் செடியில் எல்லாப் பழமும் ஒரே நாளில் சிவக்காது. முதலில் அங்கங்கே சிவந்ததை மட்டும் பொறுக்க வேண்டும், அப்புறம் முக்கியப் பறிப்பு, கடைசியில் மிச்சம் இருப்பதை உருவி எடுப்பது. நல்ல காபிக்குச் சிவந்த பழம் மட்டும் வேண்டும். கூலி கிலோ கணக்கு என்றால் கை வேகமாக ஓடும், பச்சைக் காயும் சாக்கில் சேரும். நாள் கூலி என்றால் நிதானமாகப் பறிக்கலாம், ஆனால் எடை குறைகிறதே என்று மேஸ்திரி பின்னால் நிற்பார். குறிப்பிட்ட எடை வரை நாள் கூலி, அதற்கு மேல் கிலோவுக்கு இவ்வளவு என்று இரண்டையும் கலப்பதும் உண்டு. எது நல்ல முறை என்று இங்கே கேட்டால், எது நல்ல பழத்தைக் கொண்டுவரும் என்றுதான் கேட்கிறோம். அந்தக் கேள்வி தேவைதான். ஆனால் சரிவில் கூடையோடு நாள் முழுக்க நின்ற பெண்ணுக்கு என்ன தகும் என்ற கேள்வி அதற்குள் இல்லை.

ஊக்கக் கூலிக்கு உலகம் முழுக்கச் சொல்லப்படும் உதாரணம் ஹென்றி ஃபோர்டு. 1914-இல் நாள் கூலியை ஒரேயடியாக 5 டாலராக உயர்த்தினார். ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்ததால் அவருக்கு அது தேவைப்பட்டது. தொழிலாளிக்கும் நல்லதாயிற்று. தேவை முடிந்தால் ஊக்கமும் முடியும் என்பதையும் சேர்த்தே நினைத்துக்கொள்ள வேண்டும். ஆள் நிறைய இருக்கும் ஊரில் ஊக்கம் என்ற நியாயம் தொழிலாளிக்கு உதவாது.

மிச்சம் இருப்பது வெகுமதி. நம் ஊரில் இதைப் பற்றித்தான் பேச்சே இல்லை. பற்றவைக்கிறவர் நெருப்பை எங்கே நிறுத்த வேண்டும் என்று கண்ணாலேயே தெரிந்துகொள்ள வருடங்கள் ஆகும். ஒரு நொடி தாமதித்தால் கண்ணி உருகிவிடும். இந்தப் பழக்கத்துக்குச் சான்றிதழ் கிடையாது, பதவி உயர்வு கிடையாது. கிலோவுக்கு இவ்வளவு என்ற கணக்கில் இருபது வருடக் கையும் இரண்டு வருடக் கையும் ஒன்று. வேகம் மட்டும்தான் வித்தியாசம். வயது ஏறிக் கண் மங்கும்போது அந்த வேகமும் போகும், அதாவது கை மிகவும் தேர்ந்திருக்கும் வயதில் வருமானம் குறைகிறது. தகுதிக்கு ஏற்ற பங்கு என்பது அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து மெய்யியலாளர்கள் சொல்லிவரும் நீதி. அதில் ஒரு துளிகூட இந்த எடைத் தராசில் ஏறவில்லை.

இந்த மூன்றுக்கும் அடியில் நிற்க ஒரு தரை வேண்டும். அதை நம் நாடு எழுதி வைத்திருக்கிறது. 1948-இல் அரசு அமைத்த நியாயக் கூலிக் குழு கூலியை மூன்று படியாக வைத்தது. கீழே குறைந்தபட்சக் கூலி, மேலே கண்ணியமாக வாழப் போதுமான வாழ்வுக் கூலி, நடுவில் தொழிலின் சக்திக்கு ஏற்ப ஏறும் நியாயக் கூலி. அரசியலமைப்பின் 43-ஆவது பிரிவு வாழ்வுக் கூலியை இலக்காகச் சொல்கிறது. 1957-இல் 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, குறைந்தபட்சக் கூலியை எப்படிக் கணக்கிடுவது என்றே வரையறுத்தது. சம்பாதிப்பவர் ஒருவர், அவரையும் சேர்த்துக் குடும்பம் மூன்று நுகர்வு அலகு (வளர்ந்த ஒருவரின் தேவை ஓர் அலகு), அலகுக்கு 2,700 கலோரி உணவு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி, வாடகை, விறகு, விளக்கு, இதரச் செலவுக்கு மொத்தக் கூலியில் 20 சதவீதம். 1991-இல் ராப்டகோஸ் பிரெட் வழக்கில் உச்ச நீதிமன்றம் குழந்தைகளின் படிப்பு, மருத்துவம், கல்யாணம், முதுமை போன்றவற்றுக்காக இன்னும் 25 சதவீதம் சேர்க்கச் சொன்னது.

அந்தக் கணக்கில் ஒரு வரி உண்டு. பெண்கள், பிள்ளைகள் சம்பாதிப்பதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஒருவர் உழைப்பில் குடும்பம் வாழ வேண்டும் என்பது பொருள். கொலுசு வீட்டில் நடப்பது இதற்கு நேர் எதிர். கணவர், மனைவி, மாமியார், பள்ளி விட்டு வந்த பெண் என்று நான்கு பேர் உட்கார்ந்து செய்ததற்கு வருவது ஒரு கூலி. அந்தக் கூலியை நான்கால் வகுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. "வீட்டு ஆளுங்க ஒத்தாசை பண்றாங்க" என்று சொல்லிவிடுகிறோம். ஒத்தாசை என்ற சொல்லுக்குள் மூன்று பேருடைய சம்பளம் காணாமல் போகிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேலைக்கு ஒரே ஊதியம் என்று 1976-இல் சட்டம் வந்தது. வேலை என்றே பெயர் வைக்காத ஒன்றுக்கு அப்படி ஒரு சட்டம் எப்படிப் போய்ச் சேரும்?

இவ்வளவு கொடுத்தால் தொழிலே நடக்காது என்ற வாதத்துக்கும் உச்ச நீதிமன்றம் 1950-களிலேயே பதில் சொல்லிவிட்டது. குறைந்தபட்சக் கூலி கொடுக்க முடியாத தொழிலுக்கு நீடிக்க உரிமை இல்லை என்று கிரௌன் அலுமினியம் வழக்கில் சொன்னது. கேட்கக் கடுமையாக இருக்கும், அதுவும் பட்டறை வைத்து நொடித்த குடும்பங்களைப் பார்த்த ஊரில். நான் அந்தத் தீர்ப்பின் பக்கம்தான் நிற்கிறேன். அந்தத் தரைக்கு மேலே எவ்வளவு என்பதில் வியாபாரியின் சிரமம் பேசப்படலாம். தரையை இறக்கி ஒரு தொழிலைக் காப்பாற்றினால், காப்பாற்றும் செலவை அந்த வீட்டுச் சோற்றுப் பானையிலிருந்து எடுக்கிறோம்.

மொரியார்ட்டி எழுதிய இன்னொரு விஷயம் சம்பள ரகசியம். சம்பளத்தை மூடி வைப்பது தவறு என்று அவர் வாதிடுகிறார். தெரியாத ஒன்றைப் பற்றி யாரும் பேரம் பேச முடியாதல்லவா? பெரிய நிறுவனங்களில் இது கொஞ்சம் திறந்துவிட்டது. இந்தியாவில் 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 197-ஆவது பிரிவுப்படி, பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனம் ஒவ்வொரு இயக்குநரின் சம்பளமும் சம்பள வரிசையில் நட்ட நடுவில் நிற்கும் ஊழியரின் சம்பளத்தைப்போல எத்தனை மடங்கு என்று ஆண்டறிக்கையில் சொல்லியாக வேண்டும். எங்கள் தெருவில் அப்படி ஒரு அறிக்கை கிடையாது. பக்கத்து வீட்டுக்குக் கிலோவுக்கு என்ன ரேட்டு என்று அடுத்த வீட்டுக்குச் சரியாகத் தெரியாது. கேட்டால் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோதான் சொல்வார்கள். கூட்டிச் சொன்னால் கௌரவம், குறைத்துச் சொன்னால் கண் படாது. "ஊரெல்லாம் இதே ரேட்டு" என்பதை ஊரில் யாரும் சரிபார்த்ததில்லை.

சட்டத்தில் அதிகம் பேருக்குத் தெரியாத ஓர் ஏற்பாடும் இருக்கிறது. 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு. ஒரு வேலைக்கு நேரக் கணக்கில் மட்டும் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்திருந்தால், எண்ணிக்கைக்கோ எடைக்கோ கூலி வாங்குபவருக்கும் அந்த நேரக் கூலிக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்றது. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025-இல் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இதே ஏற்பாடு தொடர்கிறது. அதாவது கிலோ கணக்கை மணிக் கணக்காக மாற்றிப் பார்க்கும் உரிமை காகிதத்தில் இருக்கிறது. மாற்றிப் பார்க்க, எத்தனை மணி நேரம் வேலை செய்தோம் என்று தெரிய வேண்டும். வீட்டிலேயே செய்யும் வேலைக்கு அதை யாரும் குறித்து வைப்பதில்லை.

பக்கத்து வீட்டு அக்காவிடம் இதைச் சொன்னபோது முதலில் சிரித்தார். மறுநாள் பையனின் பழைய கணக்கு நோட்டில் மிச்சம் இருந்த பக்கங்களை எடுத்து நேரம் எழுத ஆரம்பித்துவிட்டார். காலை 6 மணிக்கு உட்கார்ந்தது, 8 மணிக்கு எழுந்தது, 10 மணிக்கு மறுபடி, ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் ஒன்றரை மணி நேரம். இரண்டு நாள் கழித்து நோட்டோடு வந்து, "உலை கொதிக்கறப்ப எழுந்து போய் அரிசி போட்டுட்டு வர்றேனே, அந்த நேரத்தைக் கழிச்சிடணுமா?" என்று கேட்டார். கழித்தே எழுதுங்கள் அக்கா, அப்படியும் கணக்கு நிற்கும் என்றேன். மாமியார் உட்காரும் நேரத்துக்குத் தனியாக ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்.